வெள்ளவத்தையில் "விசேட பயிற்சி": பணம் கட்டுமுன் வாசியுங்கள்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (நரம்புகளைச் சுற்றியுள்ள மைலின் என்ற உறை சிதையும் நோய்) உள்ளவர்களுக்கும் அவர்களது வீட்டாருக்கும் இதை எழுதுகிறேன். காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் உள்ள உடற்பயிற்சி நிலையம், "நரம்பு நோயாளருக்கான விசேட பலப் பயிற்சி" என்று விளம்பரம் செய்து, ஆறு மாதக் கட்டணம் 48,000 ரூபாயை என்னிடம் முற்பணமாக வாங்கியது. நரம்பியல் நிபுணர் தந்த கடிதத்தையும் கொடுத்தேன். அது வரவேற்பு மேசை லாச்சிக்குள் போனது. அதை ஒருவரும் வாசித்ததற்கான அறிகுறியே இல்லை.

கட்டணத்தைத் தவிர அங்கே விசேடமாக எதுவும் இருக்கவில்லை. மூன்றாம் மாடி, மின்தூக்கி பழுது, குளிரூட்டியை "அடுத்த கிழமை" திருத்துவார்களாம். சித்திரை மாதப் புழுக்கத்தில் என்னைக் காலால் நிறையைத் தள்ளும் லெக் பிரஸ் இயந்திரத்தில் இருத்தி, தட்டுக்கு மேல் தட்டாக நிறையை ஏற்றினார் பயிற்றுநர். இடைவேளை கேட்டால் முகம் சுளித்தார். "இடது கண் மங்குகிறது தம்பி" என்றேன். "அது பயம் அக்கா. வியர்வையோடு நோயும் வெளியே போகட்டும், இன்னும் பத்து!" என்றார். படியிறங்கும்போது இடது பாத நுனி ஒவ்வொரு படியிலும் உரசியது.

இது பயம் அல்ல. ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊத்தோஃப் 1890 இலேயே விவரித்த விடயம். மைலின் உறை சிதைந்த நரம்பில், உடல் வெப்பம் சற்று ஏறினாலே சமிக்ஞை தடைப்படும். உடல் குளிர்ந்ததும் பார்வை திரும்பிவிடும்; எனக்கும் திரும்பியது. ஆனால் அந்த இடைவெளியில் படியில் விழுந்து எலும்பு முறிந்தால், அது உடல் குளிர்ந்ததும் ஒட்டிவிடாது.

பயிற்சியே வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மிதமான பாதிப்பு வரை உள்ளவர்களுக்கு வாரம் இரண்டு நாள் பலப் பயிற்சியைக் கனடாவின் வழிகாட்டி பரிந்துரைக்கிறது. கதிரையிலிருந்து எழவும், பஸ் திடீரென நகரும்போது விழாமல் நிற்கவும், பலம் இருந்தால் மட்டும் போதாது. அது விரைந்து வெளிப்படவும் வேண்டும். பவர் பயிற்சி அதற்குத்தான். தாங்கக்கூடிய நிறையை வேகமாகத் தள்ளி, மெதுவாக இறக்கி, வேகம் குறையத் தொடங்கியதும் நிறுத்த வேண்டும். செட்டுகளுக்கு இடையில் சில நிமிட ஓய்வு, மின்விசிறி, குளிர்நீர் எல்லாம் பயிற்சியின் பகுதிகள். பலவீனமான காலைத் தனியாகப் பயிற்றுவிக்கவும் வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தள்ளினால் நல்ல கால் முழு வேலையையும் எடுத்துக்கொள்ளும். இவற்றில் ஒன்றுகூட அங்கே நடக்கவில்லை.

இதைவிட மோசமானது, அவர்கள் விற்ற, கரைத்துக் குடிக்கும் மா. நரம்பின் உறையை மீண்டும் வளர்க்குமாம், குடித்தால் இந்த நோய்க்கான ஊசி மருந்தையும் நிறுத்தலாமாம். அப்படி வளர்ப்பதாக நிரூபிக்கப்பட்ட மா எதுவும் கிடையாது. மருந்தை இடையில் நிறுத்துவது நோய் மீண்டும் தாக்க வழி திறந்துவிடும். நான் வாங்கவில்லை, பக்கத்தில் பயிற்சி செய்த ஓர் ஐயா இரண்டு டப்பா வாங்கிக்கொண்டு போனார். அவர் நினைவுதான் இதை எழுத வைத்தது.

பணம் கட்டுமுன், நடத்துபவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்த இயன்மருத்துவரா என்று கேளுங்கள். கண் மங்கினால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். பதில் தடுமாறினால் எழுந்து வந்துவிடுங்கள். மாதக் கட்டணம் மட்டும் கட்டி, பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

அந்தச் சீட்டுடன்தான் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையில் முறையிட்டேன் (தொலைபேசி 1977). அதன்பிறகு நிலையத்தார் அழைத்தார்கள்: பாதிப் பணம் தருவார்களாம், வெளியில் எதுவும் சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். நான் கையெழுத்திடவில்லை. முழுப் பணத்தையும் கேட்டிருக்கிறேன்.