போட் கீயா, கிளார்க் கீயா, ராபர்ட்சன் கீயா? சிங்கப்பூர் ஆத்தங்கரைல எங்க போலாம்

ஊர்லேர்ந்து சிங்கப்பூருக்கு யாராவது வந்தா முஸ்தபா கடையும் மெர்லயன் சிலையும் முடிஞ்ச கையோட ஆத்தங்கரை எங்க போலாம்னு கேப்பாங்க, உடனே எல்லாரும் கிளார்க் கீன்னு சொல்லிடுறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஆறே மொத்தம் 3 கிலோமீட்டர் சொச்சம்தான், மூணு கீயும் (கீன்னா ஆத்தோரப் படகுத்துறை) அடுத்தடுத்து இருக்கு, ஒரே நடைல முடிச்சிரலாம், ஆனா ஒவ்வொன்னும் வேற வேற வேலைக்குத்தான் லாயக்கு.

முதல் தடவ வர்றவங்களுக்கு என் ஓட்டு போட் கீக்குத்தான். ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன்ல இறங்கினா அஞ்சு நிமிஷ நடை. அங்க வரிசையா நிக்கிற பழைய கடைவீடுகளுக்கு முன்னாடிதான் ஒரு காலத்துல சரக்குத் தொங்கான்கள் நெருக்கிக்கிட்டு நின்னுச்சு. ஆரம்பத்துல அந்தப் படகுகள ஓட்டினவங்கள்ல நெறைய பேரு சோழமண்டலக் கரைலேர்ந்து வந்த நம்ம ஆளுங்க, சீனர்கள் கைக்கு அது போனது பின்னாடிதான். பக்கத்துல இருக்கிற சூலியா ஸ்ட்ரீட் தமிழ் முஸ்லிம்கள் பேர்ல வந்தது, மார்க்கெட் ஸ்ட்ரீட்ல செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்தின கிட்டங்கிகள் இருந்துச்சு. இதையெல்லாம் யாரும் சொல்லாம வெறும் பப் வரிசைன்னு காட்டிட்டுக் கூட்டிட்டுப் போயிடுறாங்க, எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருக்கு. 1977ல ஆரம்பிச்சு பத்து வருஷம் இந்த ஆத்த சுத்தம் பண்ணாங்க, 1983ல தொங்கான்கள பாசிர் பாஞ்சாங் பக்கம் அனுப்பிட்டாங்க, அதனாலதான் இன்னிக்கு நாத்தமில்லாம நடக்க முடியுது.

ஒன்னு கவனிங்க, போட் கீய போட் கீல நின்னு பாக்கக் கூடாது. கேவனா பாலத்தத் தாண்டி எதிர்க்கரைக்குப் போங்க, அந்தப் பாலத்துல இப்ப நடக்க மட்டும்தான் விடுவாங்க. நவீன சிங்கப்பூர நிறுவின ராஃபிள்ஸோட வெள்ளச் சிலை பக்கம் நின்னு ஏழு மணி வாக்குல பாத்தா கீழ குட்டி ஓட்டு வீடுங்க, பின்னாடி வானத்த முட்டுற பேங்க் கட்டடங்க. அந்தக் காட்சி வேற எந்தக் கீலயும் கிடையாது. தண்ணில குதிக்கிற பசங்க சிலையும் பாலத்துக்கிட்டயே இருக்கு, குழந்தைங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனா சாப்பாடு அங்க வேண்டாம். மெனுவ நீட்டிக் கூப்பிடுவாங்க, நண்டு எடைக்கணக்கு, அதனால உக்கார்றதுக்கு முன்னாடியே கிலோ என்ன வெலைன்னு கேட்டுருங்க. மேசைல வைக்கிற கடலைக்கும் ஈரத் துண்டுக்கும்கூட நெறைய எடத்துல காசு. மெனுல வெலைக்குப் பக்கத்துல ரெண்டு பிளஸ் போட்டிருந்தா சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், அதுக்கு மேல ஜிஎஸ்டி 9 சதவீதம், ஆக 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சாப்பாடு 119 வெள்ளி 90 காசு ஆயிரும். குடும்பமா வந்தா இது சின்னத் தொகை இல்ல. கொஞ்சம் நடந்தா லாவ் பா சாட்ங்கிற சாப்பாட்டுக் கடைக் கூடம், சாயங்காலம் பக்கத்துத் தெருவ மூடி சாத்தே (குச்சில குத்தின கறி) சுடுவாங்க, அங்க போய் நிம்மதியா சாப்பிடுங்க.

கிளார்க் கீ நண்பர்களா போறவங்களுக்கு. கலர் கலரா வெளக்கு, சத்தம், பெரிய கூரை. ராத்திரி நேரமாக ஆக குடிக்கிற கூட்டம் ஏறும், அப்பா அம்மாவோட போனா ஒன்பதுக்குள்ள கிளம்புறது நல்லது. இங்கேர்ந்து படகு ஏறலாம், 40 நிமிஷத்துல மரினா பே வரைக்கும் போய்ட்டு வந்துரும், இருட்டினப்புறம் ஏறுங்க. பக்கத்துலயே 1934ல கட்டின பழைய ஹில் ஸ்ட்ரீட் போலீஸ் ஸ்டேஷன், 927 ஜன்னலுக்கும் வானவில் கலர் அடிச்சிருக்காங்க.

கிளார்க் கீயோட பெரிய லாபம் என்னக் கேட்டா டேங்க் ரோடு செட்டியார் கோயில்தான், பத்து நிமிஷ நடை. 1859லேர்ந்து இருக்கிற தண்டாயுதபாணி கோயில், தைப்பூசத்துக்கு காவடியெல்லாம் வந்து சேர்ற எடம். மத்தியானம் நடை சாத்திருவாங்க, சாயங்காலம் போங்க.

ராபர்ட்சன் கீல பாக்க பெருசா எதுவும் இல்ல, படகு மாதிரி வளைஞ்ச அல்காஃப் பாலத்தத் தவிர. 2004ல பசிட்டா அபாட்ங்கிற பிலிப்பைன்ஸ் ஓவியர் அதுக்கு வண்ணம் பூசினாங்க. ஆனா மர நிழல், தள்ளுவண்டில குழந்தையோட நடக்க நல்ல பாதை, ஆத்தப் பாத்து உக்காந்து காலைச் சாப்பாடு, இதுக்கெல்லாம் மூணுல இதுதான் ஒசத்தி. வெல இங்கயும் கம்மி இல்ல, ஆனா யாரும் கையப் புடிச்சி இழுக்க மாட்டாங்க.

ஷாப்பிங்குக்குன்னு ஆத்தங்கரைக்கு வராதீங்க. கிளார்க் கீ எம்ஆர்டி மேல இருக்கிற சென்ட்ரல் மால்ல டான் டான் டாங்கிங்கிற கடைல ஜப்பான் நொறுக்குத்தீனி வாங்கலாம், அவ்ளோதான், மத்ததுக்கு லிட்டில் இந்தியா பக்கம் இருக்கிற சிராங்கூன் ரோடே போதும்.

ஒரு சாயங்காலம்தான் இருக்குன்னா அஞ்சரை ஆறுக்கு கோயில், அங்கேர்ந்து இறங்கி கிளார்க் கீ வழியா ஆத்தோரமாவே நடந்து ஏழுக்கு ராஃபிள்ஸ் சிலை, பாலம் தாண்டி லாவ் பா சாட். ராபர்ட்சன் கீய இன்னொரு நாள் காலைக்கு வச்சிக்கோங்க. மழை புடிச்சிக்கிச்சுன்னா கிளார்க் கீ கூரைக்கு அடியிலயே நின்னுருங்க, மத்த ரெண்டு எடத்துலயும் நனைஞ்சிருவீங்க.