ஸாவோ ரோப்வே: உச்சி வரை டிக்கெட் எடுக்கலாமா?

ஜப்பானில் ஆங்கில உதவி ஆசிரியராக வேலை பார்க்கிறவர்களுக்கு, அதிலும் செண்டாய், யமகாத்தா பக்கம் பள்ளி கிடைத்தவர்களுக்கு, குளிர்காலத்தில் கூட்டாளிகளோடு மலைக்குப் போய், பனி மூடி விசித்திர உருவங்களாக நிற்கும் மரங்களைப் பார்த்துவர ஸாவோ மலைதான் வசதி. பனிச்சறுக்கு தெரியாதவரும் 1,661 மீட்டர் உயரம் வரை செருப்புக்கால் நோகாமல் போய் நிற்கலாம். கம்பிவடத்தில் தொங்கி மலையேறும் பெட்டியான ரோப்வேக்குப் போகவர தலைக்கு 4,000 யென்னுக்கு மேல் ஒதுக்கிவைக்க வேண்டும்; கட்டணம் அடிக்கடி ஏறுவதால் கிளம்புமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காசு தகுமா என்பது அன்றைய காற்றைப் பொறுத்தது. காற்று அடங்கிய நாளில் இதைவிட நல்ல செலவு வடகிழக்கு ஜப்பானான தோஹோகு வட்டாரத்தில் குறைவு. காற்று வீசும் நாளில் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு இறங்குவீர்கள்.

முதலில் இடத்தைச் சரியாகப் பிடிக்க வேண்டும். ஸாவோ மலைத்தொடர் மியாகி, யமகாத்தா மாகாணங்களுக்கு நடுவில் கிடக்கிறது. ஷின்கான்சென் அதிவேக ரயில் பாதையில் ஷிரோயிஷி ஸாவோ என்றொரு நிலையம் இருக்கிறது; அது மியாகி பக்கம். பெயரை நம்பி அங்கே இறங்கிவிட்டால் ரோப்வே மலைக்கு அந்தப் பக்கம், நீங்கள் இந்தப் பக்கம். நடுவே போகும் எக்கோ லைன் சாலையை நவம்பர் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் கடைசி வரை பனிக்காக மூடிவிடுவார்கள். யமகாத்தா நகரத்திலேயே ஸாவோ என்று ஒரு சின்ன ரயில் நிலையமும் உண்டு. அதுவும் மலையடிவாரம் இல்லை. இறங்க வேண்டியது யமகாத்தா நிலையத்தில். அங்கிருந்து ரோப்வே இருக்கும் வெந்நீரூற்று ஊரான ஸாவோ ஒன்செனுக்கு பஸ் ஏறத்தாழ 40 நிமிடம். செண்டாயிலிருந்து யமகாத்தாவுக்கு நெடுஞ்சாலை பஸ், சென்ஸான் பாதை ரயில் இரண்டுமே ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டித்தான் எடுக்கும். சனி, ஞாயிறு காலை பஸ்ஸுக்குப் பெரிய வரிசை நிற்கும். நாலைந்து பேராகப் போகிறவர்கள் புறப்படும் நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே நிற்பது நல்லது. ஆளுக்கொரு பஸ்ஸில் பிரிந்து போனால் காலைப்பொழுது அதிலேயே கரைந்துவிடும்.

ஊருக்குள் போனபின் இன்னொரு குழப்பம். அங்கே கம்பிவடப் பாதைகள் மூன்று: ஸாவோ ரோப்வே, ஸாவோ சூஓ ரோப்வே, ஸாவோ ஸ்கை கேபிள். பனி மூடிய மரங்கள் கூட்டமாக நிற்கும் ஜிஸோ உச்சிக்குப் போவது முதலாவது மட்டும். சூஓ ரோப்வே நிலையம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருப்பதால் அவசரத்தில் அங்கே போய் டிக்கெட் வாங்கிவிடுகிறவர்கள் உண்டு. நீங்கள் தேட வேண்டிய பலகை 'ஸான்ரோகு' நிலையம். பஸ் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. அந்த நடைபாதை காலையில் கண்ணாடிபோல் உறைந்து கிடக்கும். முதல் வழுக்கல் மலையுச்சியில் நடப்பதில்லை, இங்கேதான்.

ரோப்வே இரண்டு துண்டாக ஓடுகிறது. ஸான்ரோகுவிலிருந்து 1,331 மீட்டரில் இருக்கும் ஜூஹ்யோ கோகென் நிலையம் வரை ஏழு நிமிடம். அங்கே மாறி ஏறினால் ஜிஸோ உச்சி வரை பத்து நிமிடம். மேல் துண்டில் 18 பேர் கொள்ளும் பெட்டிகள் இரண்டு இணை வடங்களுக்கு நடுவே தொங்கி வரும். ஒற்றை வடத்தில் தொங்கும் பெட்டியைவிட இது பக்கவாட்டுக் காற்றைத் தாங்கும். ஆனாலும் காற்று ஒரு அளவைத் தாண்டினால் நிறுத்தத்தான் செய்வார்கள். கீழ்த் துண்டு ஓடிக்கொண்டிருக்க மேல் துண்டு மட்டும் நிற்கும் நாள்கள் குளிர்காலத்தில் சாதாரணம்.

அதனால் டிக்கெட் ஜன்னலுக்குப் போகுமுன் ரோப்வே இணையதளத்தில் ஓடும் நேரடி கேமராவைப் பாருங்கள். உச்சி கேமராவில் மரங்களின் உருவம் தெரிந்தால் முழுத் தூரத்துக்கும் எடுக்கலாம். வெறும் சாம்பல் நிறமாக இருந்தால் ஒரு மணி நேரம் ஊரில் சுற்றிவிட்டு மறுபடி பாருங்கள். மலை வானம் அதற்குள் திறந்துகொள்வதும் உண்டு. காத்திருக்க நேரமில்லை என்றால் கீழ்த் துண்டுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஜூஹ்யோ கோகெனைச் சுற்றியும் பனி பிடித்த மரங்கள் இருக்கின்றன, உச்சி அளவுக்குப் பருமன் இருக்காது. மேல் துண்டு பாதியில் நின்றால் பணம் திரும்பி வருமா என்பதை வாங்கும்போதே ஜன்னலில் கேட்டுவிடுங்கள். இறங்கி வந்து கேட்பதைவிட அது லேசு.

பார்க்கப் போகும் பொருளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் எந்த வாரம் போவது என்பது தானாகப் புரியும். சைபீரியாவிலிருந்து வரும் வறண்ட குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரம் ஏற்றிக்கொள்கிறது. அந்த ஈரம் மேகத்தில் பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்தும் உறையாத நுண்துளிகளாக மிதக்கிறது. இலையுதிர்க்காத ஆவோமோரி தோதோமாட்சு மரத்தின் ஊசியிலையில் மோதிய கணத்தில் துளி உறைகிறது. பனி காற்று வரும் திசையை நோக்கித்தான் வளரும். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு பக்கம் இறால் வாலைப்போல் அடுக்கடுக்காக நீட்டிக்கொண்டிருக்கும், மறுபக்கம் ஊசியிலை பச்சையாகவே தெரியும். இடுக்குகளில் விழும் பனி ஒட்டி ஒட்டி, கடைசியில் மரமே தெரியாத உருவமாகிறது. இதற்கு வாரக்கணக்கில் காற்றும் குளிரும் வேண்டும். டிசம்பர் கடைசியில் வரும் பள்ளி விடுமுறையில் போனால் மரத்தில் மாவு தூவியது மாதிரிதான் இருக்கும். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை பருவம். பிப்ரவரி நடுப்பகுதி உச்சம். மழையோ இரண்டு மூன்று நாள் வெயிலோ வந்தால் உச்சத்திலும் உதிர்ந்துவிடும்.

விளம்பரப் படங்களில் இருக்கும் அடர்த்தியை உச்சி நிலையத்தின் வாசலில் எதிர்பார்க்காதீர்கள். 2013இல் ஒரு அந்துப்பூச்சியின் புழுக்கள் இந்த மரங்களின் ஊசியிலையைத் தின்றன. பிறகு மரப்பட்டைக்குள் குடையும் வண்டு வந்தது. உச்சியைச் சுற்றி நிறைய மரங்கள் பட்டுப்போயின. இலை இல்லாத மரத்தில் பனி பிடிக்க இடம் குறைவு, உருவம் ஒல்லியாகத்தான் வரும். தாழ்வான இடங்களிலிருந்து நாற்றுகளைக் கொண்டுவந்து நடுகிறார்கள், ஆனால் மெதுவாக வளரும் மரம். நல்ல உருவங்கள் இப்போது பெட்டியின் ஜன்னல் வழியாகத்தான் கிடைக்கின்றன, மேல் துண்டில் ஏறும்போது இரண்டு பக்கமும். ஆகையால் பெட்டியில் கண்ணாடி ஓரம் நில்லுங்கள், உறைபனி படிந்த கண்ணாடியாக இருந்தால் அடுத்த பெட்டிக்கு ஒதுங்குங்கள்.

பிப்ரவரி என்றால் வேலைநாள். 11, 23 தேதிகளில் அரசு விடுமுறை வருகிறது. அந்த நாள்களில் ரோப்வே வரிசை ஒரு மணி நேரத்தைத் தாண்டிப் போகலாம். பள்ளியில் இருப்பவர்களுக்கு நல்ல வழி, சனிக்கிழமை திறந்தவகுப்பு மாதிரி ஏதாவது வேலைக்கு வந்ததற்குப் பதிலாகக் கிடைக்கும் தாய்க்யூ விடுப்பு. அது பெரும்பாலும் திங்களில் விழும், திங்கள் காலை மலையில் கூட்டம் கம்மி. வருட விடுப்பான நென்க்யூ எடுப்பதானால் உயர்நிலைப்பள்ளி நுழைவுத்தேர்வு நாள்களைத் தவிர்த்து, பொறுப்பாசிரியரிடம் இரண்டு வாரம் முன்பே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். தாளை மட்டும் நீட்டினால் ஆசிரியர் அறையில் முகம் கோணும்.

காரில் போகிறவர்களுக்கு: இந்தியாவின் சர்வதேச ஓட்டுநர் உரிமம் ஜப்பானில் ஓர் ஆண்டுதான் செல்லும். ஸாவோ ஒன்சென் ஏறும் சாலை வளைவும் சரிவுமானது. வாடகைக் காரில் பனிக்கான ஸ்டட்லெஸ் டயர் போட்டிருக்கிறதா, நாற்சக்கர இயக்கமா என்று கேட்டு எடுக்க வேண்டும். நிறுத்தும்போது கைபிரேக் போடாமல் கியரை 'பி'யில் விட்டு, வைப்பரை நிமிர்த்தி வையுங்கள். இல்லையென்றால் பிரேக்கும் வைப்பரும் உறைந்து ஒட்டிக்கொள்ளும். பனியில் ஓட்டிப் பழகாதவர் பஸ்ஸில் போவதுதான் புத்தி.

உச்சியில் வெப்பநிலை மைனஸ் பத்தை ஒட்டி இருக்கும், காற்றோடு சேர்ந்தால் அதைவிட மோசமாக உறைக்கும். பள்ளிக்குப் போட்டுப்போகும் நீளக் கம்பளிக் கோட்டு இங்கே உதவாது. காற்று உள்ளே புகும், பனி ஒட்டி நனையும். உடம்போடு ஒட்டிய ஒரு அடியாடை, நடுவில் ஃப்ளீஸ், வெளியே காற்றும் நீரும் புகாத சட்டை, பேண்டுக்கு மேலும் அதேபோல் ஒன்று. ஜீன்ஸ் கூடாது: மண்டிபோட்டுப் படமெடுத்தால் நனைந்து பலகையாகிவிடும். யூனிக்லோ கடையின் ஹீட்டெக் உள்ளாடை நின்று பார்ப்பதற்குப் போதும், வியர்த்தால் காய நேரமெடுக்கும். வெளியாடைக்கும் பூட்ஸுக்கும் வொர்க்மேன் கடை மலிவு, ஆனால் பெண்களுக்கான சின்ன அளவுகள் ஜனவரியிலேயே தீர்ந்துவிடும். பூட்ஸ் கணுக்காலுக்கு மேல் ஏற வேண்டும், இல்லையென்றால் பனி மேல்வழியாக உள்ளே கொட்டும். நூறு யென் கடைகளில் விற்கும், காலணியின் அடியில் மாட்டும் ரப்பர் முள்பட்டை ஊர்த்தெருவுக்கு ஒத்தாசை. குளிரில் ரப்பர் விறைத்து அறுந்துபோவதால் ஒரு ஜோடி கூடுதலாக வைத்திருங்கள்.

கையில் வைக்கும் கைரோ என்ற சூட்டுப் பொட்டலம் இரும்புத்தூள் காற்றோடு சேர்ந்து துருப்பிடிப்பதில்தான் சூடாகிறது. பூட்ஸுக்குள் காற்றோட்டம் இல்லாததால் சாதாரணக் கைரோவைச் செருகினால் அணைந்துவிடும். காலுக்கென்று தனியாக விற்பதை வாங்க வேண்டும். ஒட்டும் வகையை அடியாடைக்கு மேலே ஒட்டுங்கள். தோலில் நேராகப் பட்டால் வலி தெரியாமலேயே கொப்புளம் போட்டுவிடும். போன் பேட்டரி குளிரில் சட்டென்று இறங்கும், உள்சட்டைப் பையில் வைத்தால் தாக்குப்பிடிக்கும். கேமராவை நிலையத்துக்குள் கொண்டுவருமுன் வெளியிலேயே ஜிப் பையில் போட்டு மூடுங்கள். இல்லையென்றால் லென்ஸுக்குள் ஈரம் கோத்துக்கொள்ளும்.

மேலே இறங்கியதும் சில அடி தூரத்தில் 1775இல் முடிக்கப்பட்ட, ஜிஸோ என்ற போதிசத்துவரின் கற்சிலை. பருவத்தின் நடுவில் தலை மட்டும் பனிக்கு மேலே தெரியும். சுற்றிப் பார்க்க அரை மணி நேரம் தாராளம். கயிறு கட்டிய எல்லையைத் தாண்டாதீர்கள்: பனி மூடிய மரத்தின் அடியில் பொந்து இருக்கும், கால் வைத்தால் இடுப்பு வரை இறங்கும். சறுக்குப் பாதைக்குள் நடப்பதும் கூடாது. எதிரே தெரிகிறதே என்று 1,841 மீட்டர் குமானோ சிகரத்துக்கு நடக்கக் கிளம்பும் ஆள் எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். அவரைப் பிடித்து நிறுத்துங்கள். மேகம் இறங்கினால் திரும்பும் திசை தெரியாது.

சாப்பாட்டை ஊருக்குத் தள்ளிப்போடலாம். உச்சி உணவகத்தில் மதிய வரிசை நீளம். சைவம் சாப்பிடுகிறவர்கள் தெருவோரக் குச்சியில் விற்கும் தாமா கொன்யாகு உருண்டையில் கவனமாக இருங்கள்: உருண்டை கிழங்கு மாவுதான், ஆனால் கொதிக்கும் சோயா சாற்றில் காய்ந்த கணவாயைப் போட்டிருப்பார்கள். மூங்கில் இலையில் வைத்துத் தரும் இகாமொச்சி, பயற்றம் பூரணம் வைத்த அரிசிக் கொழுக்கட்டை. அது பயமில்லாமல் வாங்கலாம். அன்று செய்தது அன்றே தீர்ந்துவிடும், மாலைக்குத் தள்ளாதீர்கள். ஃபிளாஸ்க்கில் டீயும் வீட்டுப் புளிசாதமும் கொண்டுபோனால் எந்தக் கவலையும் இல்லை.

இறங்கிவந்து வெந்நீரூற்றில் குளிக்காமல் திரும்புவது பாதிக் காசை விட்டுவிட்டு வருவதற்குச் சமம். பெரிய திறந்தவெளிக் குளியல் குளிர்காலத்தில் மூடியிருக்கும். காமியு, ஷிமோயு, கவாராயு ஆகிய மூன்று பொதுக் குளியல்களும் சின்ன மரக்கொட்டகைகள், கட்டணம் மலிவு. ஆண் பெண் தனித்தனி, உள்ளே ஆடை கிடையாது. அந்தக் கந்தகத் தண்ணீர் கடும் அமிலம், எலுமிச்சைச் சாற்றுக்குப் பக்கத்தில் நிற்கும் அளவு. சோப்பு நுரைக்காது. காலையில் சவரம் செய்த முகமும், பூட்ஸ் கடித்த குதிகாலும் சுள்ளென்று எரியும். கண்ணில் படக் கூடாது. ஐந்து, பத்து நிமிடத்தில் வெளியே வந்து ஆறிக்கொண்டு மறுபடி இறங்குவதே முறை. கொலுசு, மெட்டி, வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் பஸ் ஏறுமுன்பே கழற்றி வைத்துவிடுங்கள்: வெள்ளி நிமிடங்களில் கறுத்துப்போகும், செம்பும் வெள்ளியும் கலந்த 22 காரட் தங்கமும் நிறம் மங்கும். நல்ல துண்டையும் கொண்டுபோகாதீர்கள், வாடை பல சலவைக்கும் போகாது.

மாலையில் மரங்களுக்கு விளக்குப் போடும் காட்சிக்குத் தனி டிக்கெட், பகல் டிக்கெட் செல்லாது. அதை நிதானமாகப் பார்த்தால் யமகாத்தா திரும்பும் கடைசி பஸ்ஸைப் பிடிப்பது கஷ்டம். ஒரு நாளில் போய்வருகிறவர்கள் முதல் பெட்டியில் ஏறி, மதியத்துக்குள் இறங்கி, குளித்துவிட்டு நான்கு மணி பஸ்ஸைக் குறிவையுங்கள். இரவு பார்க்க வேண்டுமானால் பிப்ரவரி அறைகளை டிசம்பருக்குள் பிடித்துவிடுங்கள்.