நாலு வயதுப் பிள்ளைக்கு வீட்டில் பாடம்: எந்தப் பாடத்திட்டம் எங்களுக்கு நின்றது

மகளை முன்பள்ளிக்கு அனுப்பாமல் மூன்று வயதிலிருந்து வீட்டிலேயே சொல்லிக் கொடுத்தோம். இப்போது அவள் தரம் ஒன்றில் படிக்கிறாள். இடையில் இரண்டு வருஷத்துக்கு மேல் பல பாடத்திட்டங்களைக் கையில் வைத்துப் புழங்கியிருக்கிறோம். எது வேலைக்கு உதவியது, எது அலமாரிக்கு மேலே போனது என்று விவரமாக எழுதுகிறேன். இந்த விஷயத்தைத் தேடினால் கிடைப்பதில் பெரும்பாலானவை அமெரிக்கப் பெற்றோர் எழுதியவை. அவர்கள் வீட்டுத் தேவை வேறு, இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் இருக்கிற நம் தேவை வேறு.

டவுனில் நல்ல முன்பள்ளிகள் உண்டு. ஆனால் எங்கள் பாதையில் காலை பஸ்ஸை நம்ப முடியாது, தினமும் ஆட்டோவுக்குக் கொடுக்கவும் கட்டாது. நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன். மாமியார் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர், அவரும் கூடவே இருக்கிறார். ஆகவே வீட்டிலேயே பார்ப்போம் என்று முடிவு செய்தோம். சட்டம் என்ன சொல்கிறது என்று பலரும் கேட்கிறார்கள். இலங்கையில் கட்டாயக் கல்வி வயது 5 முதல் 16 வரை. முன்பள்ளி கட்டாயம் இல்லை. ஜனவரி 31ஆம் திகதிக்குள் ஐந்து வயது பூர்த்தியான பிள்ளையைத் தரம் ஒன்றில் சேர்க்க வேண்டும். நான் எழுதுவது அதற்கு முந்திய காலத்தைப் பற்றி மட்டும்தான்.

பாடத்திட்டம் தேடுகிற எல்லோரும் முதலில் வயதைப் பாருங்கள். அமெரிக்காவில் கிண்டர்கார்டன் என்பது ஐந்து வயது முடிந்து ஆறை நோக்கிப் போகும் பிள்ளைக்கு. நம் ஊரில் அந்த வயதில் பிள்ளை தரம் ஒன்றில் உட்கார்ந்திருக்கும். பெட்டியில் கிண்டர்கார்டன் என்று போட்டிருப்பதைப் பார்த்து நாலு வயதுப் பிள்ளைக்கு வாங்கினால், ஒரு வருஷம் முன்னாலேயே பென்சிலைக் கையில் திணிக்கிறோம் என்று அர்த்தம். பிள்ளைக்கு வரவில்லையே என்று கவலைப்படுகிற தாய்மாரில் பலர் உண்மையில் இந்தக் கணக்கில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

எங்களுக்குக் கிடைத்த பெட்டியும் அந்த வகைதான். கொழும்பில் இருக்கும் நாத்தனார் தன் மகனுக்கு வாங்கியதை எங்களுக்குக் கொடுத்தார். பெயரைச் சொல்ல வேண்டாம், இந்தக் குறைகள் அதற்கு மட்டும் உரியவை அல்ல. 36 வாரத்துக்கான திட்டம், தினமும் ஆசிரியர் என்ன சொல்ல வேண்டும் என்று வரிக்கு வரி எழுதியிருக்கும். பயிற்சிப் புத்தகம் ஒரு பிள்ளைக்குத்தான். மருமகன் பாதி எழுதி முடித்திருந்தான். எழுதாத பக்கங்களை டவுனில் போட்டோ கொப்பி எடுத்தோம். கலர் பக்கத்துக்கு ஆகிற காசில் ஒரு கொப்பியே வாங்கிவிடலாம். இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள் எத்தனை பக்கம் மிச்சம் இருக்கிறது என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

அந்தப் பெட்டியில் செப்டம்பரில் இலை சிவக்கும், டிசம்பரில் பனி விழும். காசு எண்ணும் பாடம் பென்னி, டைம் என்ற அமெரிக்கக் காசுகளில். அளக்கிற பாடம் அங்குலத்தில். ஒவ்வொன்றையும் நான் மாற்றிக்கொண்டே போக வேண்டியிருந்தது. பாடத்தை நடத்தும் நேரத்தைவிட மாற்றும் நேரம் அதிகமானால் அந்தப் பாடத்திட்டம் நமக்கு உதவவில்லை. ஆனாலும் அதிலிருந்த ஒரு விஷயத்தை இன்றுவரை விடவில்லை. பத்துக் கட்டம் என்று ஒன்று, மேலே ஐந்து, கீழே ஐந்து. பத்து முட்டை வைக்கிற அட்டைப் பெட்டி அப்படியே அதே அமைப்புதான். அதில் கொய்யாப் பிஞ்சை வைத்து, "ஏழு வச்சிட்டேன், இன்னும் எத்தன வேணும்?" என்று கேட்டால் காலியான குழிகளைப் பார்த்தே சொல்லிவிடுவாள். பத்தை நிரப்புவது கண்ணில் பதிந்துவிட்டால் பிறகு கூட்டல் தானாக வரும்.

எழுத்து விஷயத்தில் ஆங்கிலப் பெட்டிகள் நமக்கு உதவவே உதவாது. வாரத்துக்கு ஓர் எழுத்து என்பது அவர்கள் வழக்கம், 26 வாரத்தில் முடிந்துவிடும். தமிழில் 247 எழுத்தையும் அப்படி எடுத்தால் கிட்டத்தட்ட ஐந்து வருஷம் ஆகும். அ, ஆ, இ என்று வரிசையாகப் போகலாம் என்றுதான் மாமியாரும் சொன்னார். விஜயதசமிக்குக் கோயிலில் ஏடு தொடக்கியபோது அரிசியில் 'அ' எழுத வைத்தார்கள், அது நமக்கு வேண்டிய மங்கலம். ஆனால் எழுதப் பழகும் கைக்கு 'அ' கஷ்டமான எழுத்து, 'இ' அதைவிடக் கஷ்டம்.

வடிவத்தை வைத்துத் தொடங்கும் முறைதான் எங்களுக்குக் கைகொடுத்தது. முதலில் 'ட'. மேலிருந்து கீழே ஒரு கோடு, அங்கிருந்து வலப்பக்கம் ஒரு கோடு. அவ்வளவுதான் எழுத்து. அதையே மேலே ஏற்றினால் 'ப'. ஏறிய கோட்டை உள்பக்கமாக வளைத்து இறக்கினால் 'ம'. இந்த மூன்றையும் ஒரு புள்ளியையும் வைத்துக்கொண்டு படம், பட்டம், மட்டம் எல்லாம் வாசிக்கலாம். 'ர' சேர்ந்ததும் மரம், 'ழ' சேர்ந்ததும் பழம். மூன்றே எழுத்து தெரிந்த பிள்ளை ஒரு முழுச் சொல்லை வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதற்காகவே இந்த முறையைச் சிபாரிசு செய்வேன். உயிரெழுத்துகளைப் பாட்டாக வாயில் பழக்கினோம், எழுதுவதைத் தள்ளிப் போட்டோம். கால், கொம்பு, விசிறி எல்லாம் ஐந்து வயதை நெருங்கும்போதுதான்.

இதை எந்த மாதிரிக் கற்றுக்கொடுப்பது என்பதில் மொண்டிசோரி முறைக்குத்தான் என் முழு ஓட்டு. இலங்கையில் தெருவுக்குத் தெரு முன்பள்ளிகளுக்கு அந்தப் பெயரை வைத்திருப்பதால் அது ஏதோ நேர்சரிக்கு இன்னொரு பெயர் என்று நினைக்கிறோம். 1907இல் ரோமில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மொண்டிசோரி, 1939இல் இந்தியாவுக்கு வந்தார், உலகப் போர் காலத்தில் அங்கேயே இருந்தார். 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கஷ்டத்தைத்தான் பிள்ளைக்கு முன்னால் வைக்க வேண்டும், பிள்ளை செய்த பிழையைப் பொருளே காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதுதான் நான் புரிந்துகொண்ட சாரம்.

உதாரணத்துக்குக் குச்சிப் பெட்டி. பத்து அறை, 0 முதல் 9 வரை எண் எழுதியிருக்கும். ஒன்றில் ஒரு குச்சி, இரண்டில் இரண்டு என்று ஒன்பது வரை போட வேண்டும். மொத்தம் 45 குச்சி. கடையில் விற்கிற செட் நம் கைக்கு எட்டாத விலை. நான் சப்பாத்துப் பெட்டியில் மட்டை வைத்து அறை பிரித்தேன், விளக்குமாற்று ஈர்க்கை ஒரே அளவாக நறுக்கினேன். எங்கேயோ ஓர் அறையில் கூடவோ குறையவோ போட்டால் கடைசியில் ஒன்பதுக்குக் குச்சி போதாது, அல்லது மிஞ்சும். நான் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. அவளே திரும்ப எல்லாவற்றையும் எடுத்து எண்ணுவாள். பூச்சிய அறைக்கு வந்ததும் முதலில் கொஞ்சம் தயங்கினாள். பிறகு, "இதுல ஒண்ணுமே போடக் கூடாது, அதானே அம்மா?" என்றாள். நான் பள்ளியில் பூச்சியத்தை ஒரு வட்டமாகத்தான் படித்தேன், வெறும் அறையாகப் படித்ததில்லை.

சாண்ட் பேப்பர் எழுத்துகளும் அப்படித்தான். விற்பனைக்கு இருப்பவை ஆங்கில எழுத்துகள். ஹார்ட்வெயார் கடையில் மெல்லிய சாண்ட் பேப்பர் வாங்கி, தையலுக்கு மாதிரி வெட்டுவதுபோல் எழுத்தை வெட்டி, தடித்த மட்டையில் ஒட்டினேன். இரண்டு விரலால் எழுதும் திசையில் தடவிக்கொண்டே எழுத்தின் ஓசையைச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் எல்லாமே ஈரம் கோக்கும், கோந்து விட்டுவிடும். ஆகவே ஓரங்களைத் தையல் மெஷினில் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டேன். இரண்டு வருஷமாகியும் ஒன்றும் பிய்யவில்லை.

சார்லட் மேசன் என்கிற ஆங்கிலேயக் கல்வியாளரின் வழியையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டோம். ஆறு வயதுக்கு முன் முறையான பாடமே வேண்டாம், பிள்ளை நாளில் பல மணி நேரம் வெளியில் இருக்கட்டும் என்பது அவர் கொள்கை. எங்கள் மலையில் இதை அப்படியே செய்ய முடியாது. தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் நாள்கணக்கில் கதவைத் திறக்க முடியாது, தேயிலைக்குள் அட்டை, வெயில் காலத்தில் குளவிக் கூடு. பிள்ளையைத் தனியாக விட நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அப்பாயி, அதாவது என் மாமியார், கூடப் போகும்போது அது வேறு விஷயம். மானாப் புல் எது, கொண்டைக்குருவி எங்கே கூடு கட்டும், இரண்டு இலையும் கொழுந்துமாக எப்படிக் கிள்ளுவது, முற்றின இலையை ஏன் சேர்க்கக் கூடாது என்று அவர் சொல்லிக்கொடுத்ததை எந்தப் பெட்டியும் கொடுத்திருக்காது. கூடையில் இருப்பதைப் பிரித்து வைக்கும் வேலை கணக்கில் வகைப்படுத்தல் என்று வரும் பாடமேதான். நிறுவைக் கதைகளும் உண்டு. "18 கிலோ எடுத்தாத்தான் முழுப் பேரு, இல்லாட்டி அரைப் பேருதான்" என்று அவர் சொல்ல (பேரு என்றால் ஒரு நாள் சம்பளக் கணக்கு), அரை என்றால் என்ன என்று மகள் கேட்க, அன்றைக்கு ஒரு ரொட்டியைப் பாதியாக்கி அரை படித்தோம். இந்தப் பிள்ளைகளுக்குத் தங்கள் பாட்டிமார் செய்த வேலையின் கணக்கு தெரிந்திருக்க வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன்.

வால்டோர்ஃப் என்ற இன்னொரு கல்வி முறையில் ஏழு வயது வரை வாசிப்பைத் தள்ளிப் போடுகிறார்கள். ஐந்து வயதில் தரம் ஒன்றில் சேர்க்க வேண்டிய நமக்கு அது சரிவராது. பாட்டும் கதையும் ஒரே நேரத்தில் தினமும் வர வேண்டும் என்ற பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

ஆங்கிலத்துக்கு, எழுத்தின் ஓசை வழியாக வாசிப்பைப் பழக்கும் ஜாலி ஃபோனிக்ஸ் முறை. 42 ஓசைகள், ஏழு தொகுதிகள், ஒவ்வோர் ஓசைக்கும் ஒரு கை அசைவு. முதல் தொகுதியிலேயே சின்னச் சொற்கள் வாசிக்க வந்துவிடும். நம் பிள்ளைகளுக்குத் தடுக்குகிற இடம் ஒன்று உண்டு. தமிழில் படம் என்பதிலும் அன்பு என்பதிலும் ஒரே 'ப'தான் எழுதுகிறோம், ஓசை மட்டும் மாறும். ஆங்கிலத்தில் அவை இரண்டு எழுத்து. கழுத்தில் விரலை வைத்து அதிர்கிறதா இல்லையா என்று பார்க்கச் சொன்னேன், அது நன்றாகப் பிடிபட்டது. தமிழ் எழுத்து ஓரளவு நின்ற பிறகுதான் இதைத் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. இரண்டையும் ஒரே மாதத்தில் தொடங்கிய வீடுகளில் பிள்ளை இரண்டிலும் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

போனில் கான் அகாடமி கிட்ஸ் என்ற சிறுவர் பாடச் செயலியை வைத்திருந்தோம். இலவசம், விளம்பரம் இல்லை. ஆனால் தமிழ் இல்லை, கரண்ட் போகிற வாரத்தில் போன் சார்ஜ் எனக்கே வேண்டும். ஆகவே அது ஓரமாகத்தான் இருந்தது. இன்னும் நிறையப் பயன்பட்டது ஸ்டோரிவீவர் தளம். பிரதம் புக்ஸ் நடத்துவது, தமிழ்ச் சிறுவர் கதைகள் இலவசமாகக் கிடைக்கும், வாசிப்பு நிலை வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். நாலைந்தைக் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்துத் தைத்துக் கொடுத்தேன், படத்துக்கு அவளே கலர் அடித்தாள்.

காசே செலவில்லாத ஒன்றைப் பலர் பார்ப்பதே இல்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் தரம் ஒன்று பாடநூல்கள் தமிழில் பிடிஎஃப் ஆக இருக்கின்றன. தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் ஆசிரியர் வழிகாட்டிகள் இருக்கின்றன. அதைப் பிள்ளைக்குப் படிப்பிக்கச் சொல்லவில்லை. நீங்கள் வாசியுங்கள். தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல்சார் செயற்பாடுகள் என்று பிள்ளை எங்கே போய்ச் சேரப் போகிறது என்பது தெரிந்தால், கிடைக்கிற பெட்டியில் எதை எடுக்கலாம், எதை விடலாம் என்று கை தானாகப் பிரிக்கும்.

இப்போது பள்ளியில் எப்படி இருக்கிறாள்? வாசிப்பில் குறை இல்லை. கத்தரிக்கோல் பிடிப்பது, சப்பாத்து போடுவது, சாப்பாட்டுப் பெட்டியைத் தானே திறந்து மூடுவது எல்லாம் வரும், அதில் டீச்சருக்குச் சந்தோஷம். கரும்பலகையைப் பார்த்து எழுதுவதில் மெதுவாக இருக்கிறாள். தன் முறை வரும்வரை காத்திருப்பதும் கஷ்டமாகத்தான் இருந்தது. வீட்டில் அவள் ஒருத்தி, இங்கே ஒரு வகுப்பே இருக்கிறது. சாயந்தரம் லயத்துப் பிள்ளைகளோடு விளையாடுவது போதும் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும்: விளையாட்டு வேறு, வரிசையில் நின்று ஒரு பெரியவர் சொல்வதைக் கூட்டமாகக் கேட்பது வேறு. சிங்களமும் தரம் ஒன்றில் பேச்சாக வருகிறது, வெளிநாட்டுப் பாடத்திட்டம் எதிலும் அதற்கு இடமில்லை. கணவர் டவுன் கடையில் வேலை செய்வதால் அவரிடமிருந்து கொஞ்சம் பழகினாள்.

சின்னவனுக்கு அடுத்த வருஷம் மூன்று வயது முடியும். அவனுக்குப் பெட்டி எதுவும் வாங்கப் போவதில்லை. குச்சிப் பெட்டி, முட்டைப் பெட்டி, சாண்ட் பேப்பர் எழுத்து, அப்பாயி. நாலு வயதானதும் வாரத்தில் இரண்டு நாள் டவுன் முன்பள்ளிக்கு அனுப்பலாமா என்று அங்கே கேட்டிருக்கிறேன், சம்மதித்திருக்கிறார்கள். ஆட்டோவுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் சேர்த்துக்கொண்டால் செலவு பாதியாகும்.