செறிவூட்டிய ரேஷன் அரிசியா, இரும்புச்சத்துக் கம்பா?

ரத்தசோகைக்கு எதை நம்புவது என்று கிராமத்துப் பெண்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்: 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

சத்து
அரிசி: செறிவூட்டும்போது நூறு மணிக்கு ஒன்று என்ற அளவில் சத்துமணி (அரிசி மாவில் சத்துகளைச் சேர்த்து அரிசி வடிவில் செய்த மணி) கலக்கிறார்கள். கிலோவுக்கு 28 முதல் 42.5 மி.கி. இரும்பு, கூடவே ஃபோலிக் அமிலம், பி12.
கம்பு: இரும்பு கூடுதலாக இருக்கும்படி உருவாக்கிய ‘தனசக்தி’ ரகத்தில் கிலோவுக்குச் சுமார் 71 மி.கி. இரும்பு, துத்தநாகமும் உண்டு. பி12 கிடையாது.

செலவு
அரிசி: தமிழக ரேஷனில் இலவசம்.
கம்பு: வாங்கினால் காசு. விதைத்தால், இது வீரிய ஒட்டுரகம் இல்லை என்பதால் சொந்த விதையையே எடுத்துவைக்கலாம். மானாவாரியிலும் விளையும்.

சமைப்பது
அரிசி: வழக்கம்போலத்தான். மிதக்கும் மணியைப் பிளாஸ்டிக் என்று பொறுக்கி எறியாதீர்கள், சத்தே அதில்தான் இருக்கிறது.
கம்பு: தானியத்தில் இயல்பாகவே உள்ள பைட்டேட் என்ற பொருள் இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். ஊறவைத்துப் புளிக்கவைத்தால் அது குறையும். நம் பாட்டிமாரின் புளித்த கம்பங்கூழ் செய்வதும் அதையே. தொட்டுக்கொள்ள நெல்லிக்காய் இருந்தால் இன்னும் நல்லது. உடனே டீ குடிக்காதீர்கள்.

நிலமில்லாத, மூன்று வேளையும் சோறு உண்ணும் வீட்டுக்கு அரிசி. மானாவாரி நிலமும் கூழ்ப் பழக்கமும் உள்ள வீட்டுக்குக் கம்பு. என் மனம் சாய்வதும் இதன் பக்கமே. தலசீமியா (பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடு) உள்ளவர்கள் மட்டும் இரண்டில் எதையும் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும்.