மணல் தரையில் நடக்கவிட்டுக் காட்டப்படும் குதிரையை நம்பி விலை பேசாதீர்கள்

சவாரிக்கோ கோயில் ஊர்வலத்திற்கோ குதிரை வாங்க எண்ணியிருப்பவர்கள், தரகரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டுமென்று எழுதுகிறேன். கால் நோயுள்ள, மார்வாரி இனத்தைச் சேர்ந்த ஒரு பெண்குதிரை, எந்தக் குறையும் இல்லாதது என்று எனக்கு விற்கப்பட்டது. அதன் பிறகு விற்றவரே அனுப்பிவைத்த குதிரை வைத்தியர் ஒருவர், நோய் இல்லாத இடத்தில் ஊசி போட்டுப் பல வாரங்களை வீணாக்கினார். முதலாவதில் போனது என் பணம் மட்டுமே. இரண்டாவதில் ஒரு வாயில்லா ஜீவன் வலியைச் சுமந்துகொண்டே நின்றது.

குதிரையைக் காட்டிய அன்று தரகரின் பேச்சு முழுவதும் சுழியையும் பல்லையும் சுற்றியே இருந்தது. நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி ஆகியவற்றின் பலன்களை விரிவாகச் சொன்னார். வாயைத் திறந்து ஒன்பது வயது என்றார். நடத்திக் காட்டச் சொன்னபோது, கொட்டிலை ஒட்டிய மணல் தரையில் கயிற்றைப் பிடித்து நேர்க்கோட்டில் மெதுவாக நடத்தினார். தார்ச்சாலையில் ஓட்டிக் காட்டும்படி கேட்டதற்கு, வண்டிச் சத்தத்தில் மிரண்டுவிடும் என்று மறுத்தார். அந்தக் கொட்டிலில் வேலை பார்த்த ஒருவர் பின்னர் சொன்னதிலிருந்துதான், ஆள் பார்க்க வரும் நாள்களில் காலையிலேயே வெல்லத்தில் ஒரு பொடியைக் கலந்து அதற்குக் கொடுப்பது வழக்கம் என்று தெரிந்தது.

அது என்ன பொடி என்பதை இன்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் குதிரைகளின் மூட்டு வலிக்கும் குளம்பு வலிக்கும் பரவலாகப் பயன்படும் ஃபினைல்பியூட்டசோன் என்ற மருந்து இந்த வேலையை எளிதாகச் செய்துவிடும். இரத்தத்தில் அதன் அளவு ஐந்தாறு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்தாலும், அழற்சி கண்ட திசுவில் தங்கிவிடுவதால் வலியை ஒரு நாள் அளவுக்கு அடக்கி வைக்கும். பிரிட்டனில் குதிரை விற்பனைக்கு முன் மருத்துவர் பரிசோதிக்கும்போது இரத்தம் எடுத்து ஆறு மாதம் பாதுகாத்து வைக்கிறார்கள். வாங்கிய பின் குதிரை நொண்டினால் அதைச் சோதித்து உண்மையைக் கண்டுவிடலாம்.

வீட்டுக்கு வந்த சில நாள்களில் மாற்றம் தெரிந்தது. நிற்கும்போது ஒரு முன்னங்காலை முன்னே நீட்டி வைத்துக்கொள்ளும், பிறகு அதை மாற்றி மற்றதை நீட்டும். எட்டி வைக்கும் அடி குறுகிவிட்டது, குதிங்காலை ஊன்றாமல் குளம்பின் நுனியை முதலில் வைத்ததால் அடிக்கடி தடுக்கியது. சிமெண்ட் தரையில் திரும்புவதற்கே தயங்கியது. தரகர் முதலில் பயண அலுப்பு என்றார், பின்னர் தோள் சப்பை பிசகிவிட்டது என்றார். அவர் அனுப்பிய வைத்தியர் குளம்பைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. தோளைத் தடவிப் பார்த்துவிட்டு அங்கே ஊசி போட்டார். உடன் டெக்சாமெதசோனும் கொடுத்தார். அது ஸ்டீராய்டு என்பதால் இரண்டு மூன்று நாள் நன்றாக இருப்பதுபோல் தோன்றும், மீண்டும் பழைய நிலைக்கே வரும், மீண்டும் ஊசி விழும். முன்னங்கால் நொண்டலில் பெரும்பாலானவை குளம்பிலும் அதையொட்டிய பகுதியிலும்தான் தொடங்குகின்றன என்பது குதிரை மருத்துவத்தின் பாலபாடம். தோளில் தொடங்குவது அரிது.

கடைசியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டுசென்றபோதுதான் பரிசோதனை என்றால் என்னவென்று கண்டேன். கெட்டியான தரையில், மூலைவிட்டமாக இரண்டிரண்டு கால்கள் சேர்ந்து விழும் டிராட் ஓட்டத்தில் முதலில் நேராகவும், பின் வட்டமாக இருபுறமும் ஓடவிட்டார்கள். முன்னங்கால் ஒன்றில் வலி இருந்தால், அந்தக் கால் தரையைத் தொடும்போது தலை மேலே எழும். எங்கள் குதிரைக்கோ நேர்க்கோட்டில் தலை ஆடவே இல்லை. இரண்டு முன்னங்கால்களிலும் வலி இருந்ததால் ஒன்றை ஒன்று மறைத்துவிட்டது. இடப்பக்க வட்டத்தில் இடக்காலும் வலப்பக்க வட்டத்தில் வலக்காலும் நொண்டின. குளம்பை இடுக்கியால் அழுத்தியபோது பின்பகுதியில் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டது. அதன்பின் இடக் குளம்பின் குதிப்பகுதிக்குச் செல்லும் நரம்புகளில் மரத்துப்போகும் ஊசி போட்டுச் சிறிது நேரம் கழித்து ஓட்டியதும், நேர்க்கோட்டில் அதுவரை தெரியாத நொண்டல் வலக்காலில் வெளிப்பட்டது. வலி இருக்கும் இடம் இப்படி உறுதியான பிறகே எக்ஸ்ரே எடுத்தார்கள். குளம்புக்குள், காலை மடக்கும் ஆழ் தசைநாணுக்கு மேலே இருக்கும் நாவிகுலர் என்ற சிற்றெலும்பில், குதிங்காலின் பின்புறமிருந்து எடுத்த படத்தில் அரிப்பு தெளிவாகத் தெரிந்தது. இது ஒரு வாரத்தில் உண்டாகும் மாற்றம் அல்ல என்றார் மருத்துவர். முழுக் குணம் கிடையாது. நுனியைக் குறைத்துக் குதியைத் தாங்கும்படி லாடம் அடித்து, அளவோடு வலிமருந்து கொடுத்து, இலேசான வேலையோடு வைத்திருக்கலாம் என்றார்கள். இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை போன்ற கூட்டமான இடத்தில் வாங்குவதானாலும் கெட்டித் தரையில் டிராட் ஓட்டத்தை, குறிப்பாக இருபுற வட்டத்தை, பார்க்காமல் கைகொடுக்காதீர்கள். குளம்பைத் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சூடாக இருந்தால் அது பேசும். குதிங்காலின் மேல் தோலைப் பேனா நுனியால் அழுத்தியும் குதிரை அசையாவிட்டால், வலி தெரியாமலிருக்க நரம்பையே வெட்டி விற்கிறார்களோ என்று சந்தேகிக்க வேண்டும். கணுப்பகுதியில் சிறு வடு இருக்கிறதா என்று பாருங்கள். தரகர் கூட்டிவரும் மருத்துவர் வேண்டாம். உங்கள் மருத்துவர் அன்றே இரத்தம் எடுத்து வைக்கட்டும். மறுக்கும் தரகரிடம் வேறு பேச்சு தேவையில்லை. பரிசோதனைச் செலவு, நான் இழந்த தொகையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, வாங்கும்போது நன்றாகத்தானே நடந்தது என்ற ஒரே பதிலைத்தான் தரகர் சொன்னார். அவர் தந்த இரசீதில் நிறம், வயது, சுழி எல்லாம் இருக்கின்றன. கால்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதை வைத்துக்கொண்டு வழக்கு நிற்பது கடினம் என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டார். எனவே உங்கள் இரசீதில், எந்த வலிமருந்தும் தரப்படாத நிலையில் நான்கு கால்களும் நொண்டலின்றி இருப்பதாகவும், மருத்துவச் சோதனையில் மாறாகத் தெரிந்தால் குதிரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத்தொகையையும் தருவதாகவும் விற்பவர் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள்.