ஃபேர்ஃபோர்டா, யார்க்கா?

இங்கிலாந்தில் இடைக்கால வண்ணக் கண்ணாடியைப் பார்க்க ஒரே ஒரு பங்குக் கோவிலுக்குத்தான் (ஊர் மக்களின் கிறிஸ்தவத் தேவாலயம்) நேரம் என்றால் எதற்குப் போவது?

பலரும் கைகாட்டுவது ஃபேர்ஃபோர்டு என்ற சிற்றூரின் புனித மரியாள் கோவிலை. கம்பளி வியாபாரத்தில் கொழித்த ஜான் டேம் கட்டத் தொடங்கி, மகன் எட்மண்ட் முடித்தது. 28 சன்னல்கள், 1500-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்த கண்ணாடி பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. வேறெந்தப் பங்குக் கோவிலுக்கும் இந்தக் கொடுப்பினை இல்லை. மேற்குச் சன்னலில் இறுதித் தீர்ப்பு: கீழே நரகம் செக்கச்செவேலென எரிகிறது, ஒரு பேய் ஒரு பெண்ணைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிப் போகிறது. மேல்பாதி மட்டும் 1703 புயலில் அடிபட்டு, 19-ம் நூற்றாண்டில் புதிதாகச் செய்தது. அந்த வித்தியாசம் கண்ணை உறுத்தும்.

யார்க் நகரின் வடக்குத் தெருவில் உள்ள சகல புனிதர் கோவில் சின்னது. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனால் அங்கே சுமார் 1410-ஐச் சேர்ந்த ஒரு சன்னல், உலகத்தின் கடைசி 15 நாட்களை நாளுக்கொரு கட்டமாகச் சொல்கிறது. கடல் பொங்குகிறது, வற்றுகிறது, கடல் விலங்குகள் மேலே வருகின்றன, மரங்கள் எரிகின்றன. ஒவ்வொன்றின் கீழும் லத்தீனில் அல்ல, அன்றைய ஆங்கிலத்திலேயே இரண்டு வரி. இன்னொரு சன்னலில், கூட்டத்துக்கு நடுவே மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர்!

முழுமைக்கு ஃபேர்ஃபோர்டு. என் ஓட்டு யார்க்குக்கு. அங்கே படங்கள் கிட்டத்தில் இருக்கின்றன, ஒவ்வொரு முகமாக நின்று பார்க்கலாம்.