ஆடாதோடையா, தூதுவளையா?

இருமல் நாலு நாள் நீடித்தால் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. அம்மா ஆடாதோடைக் கஷாயம் என்பார், அத்தை தூதுவளை ரசம் என்பார். இரண்டும் சளிக்குத்தானே என்று ஒன்றாகவே நினைத்துவிடுகிறோம். மூச்சுக்குழாய்க்குள் இரண்டின் வேலையும் ஒன்றல்ல.

மூச்சுக்குழாயின் உள்சுவரை மூடியிருக்கும் செல்கள்தான் முதல் காவல். தூசியோ வைரஸோ பட்டதும் அவை சைட்டோகைன்கள் என்ற சமிக்ஞைப் புரதங்களைச் சுரந்து வெள்ளையணுக்களை வரவழைக்கின்றன. சுவர் வீங்கும், சளி பெருகும். ஆஸ்துமாக்காரர்களுக்கு இந்த அழற்சி லேசில் அடங்காது.

ஆடாதோடையின் கசப்புக்கு ஆடுகூட அதைத் தொடாது. இலையை மென்றால் நாக்கு வெகுநேரம் கசந்து கிடக்கும். அதிலுள்ள வாசிசின் என்ற ஆல்கலாய்டை (தாவர வேதிப்பொருளை) ஒட்டித்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கும் மருந்தை உருவாக்கினார்கள். அது உடலில் மாறிக் கிடைப்பது அம்பராக்சால். வீட்டிலிருக்கும் இருமல் மருந்து பாட்டிலின் லேபிளைப் பாருங்கள், பலவற்றில் இந்த இரண்டில் ஒன்று இருக்கும். சளியை இளக்குவதோடு ஆடாதோடையின் வேலை முடியவில்லை. டெல்லியிலுள்ள ஐ.ஜி.ஐ.பி. என்ற மரபணு, உயிரியல் ஆய்வு நிறுவனத்தினர் 2021ல் வெளியிட்ட ஆய்வில், கடும் ஆஸ்துமா வரவழைத்த எலிகளுக்கு ஆடாதோடைச் சாற்றைக் கொடுத்தார்கள். ஆக்சிஜன் குறையும்போது செல்லுக்குள் ஏறும் ஹிஃப்-1 ஆல்ஃபா என்ற புரதம் இறங்கியது, நுரையீரல் அழற்சியும் தணிந்தது. ஸ்டீராய்டுக்கு மசியாத ஆஸ்துமா ஏன் மசிவதில்லை என்பதில் இந்தப் புரதத்துக்குப் பங்கு இருப்பதால், எனக்கு இது பெரிய செய்தி.

தூதுவளைக்கு வேறு பலம். எலியோடு நிற்காமல், ஆஸ்துமா உள்ள மனிதர்களிடமே சோதித்திருக்கிறார்கள். 1999ல் வெளிவந்த ஒரு சிறு ஆய்வில் 300 மி.கி. தூள் கொடுத்ததும் மூச்சுத்திறன் கூடியது. ஆனால் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தின் அளவுக்கு வரவில்லை. செல்லுக்குள் அழற்சியை அது எப்படி அடக்குகிறது என்பதில் ஆடாதோடை அளவுக்குத் தெளிவு இல்லை.

அதனால் அழற்சி என்று மட்டும் கேட்டால் என் ஓட்டு ஆடாதோடைக்கு. அப்புறம், இரண்டு விஷயம் மறக்கக் கூடாது. ஆய்வகத் தட்டில் வளர்க்கும் செல்களில் சோதிக்கும்போது சாறு நேராக அவற்றின் மேல் படுகிறது. நாம் குடிப்பதோ குடலும் கல்லீரலும் தாண்டித்தான் நுரையீரலுக்குப் போக வேண்டும். இன்னொன்று, வாசிசின் கருப்பையைச் சுருங்க வைக்கும். கர்ப்பிணிகள் ஆடாதோடைப் பக்கமே போக வேண்டாம்.

தூதுவளையை நாம் காலங்காலமாகக் கீரையாகவே சாப்பிட்டு வருகிறோம். இலையைத் திருப்பி, நரம்பிலுள்ள கொக்கி முள்ளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்து, நெய்யில் வதக்கி, மிளகு சீரகத்தோடு அரைத்து ரசத்தில் கரைப்பார் அத்தை. வாரம் ஒருமுறை அந்த ரசம் எங்கள் வீட்டில் உண்டு. ஆடாதோடை வேண்டுமென்றால் சித்த மருத்துவரைக் கேட்டு, அவர் சொல்லும் அளவுக்கு, அவர் சொல்லும் நாட்களுக்கு மட்டும். வீசிங் உள்ள அம்மாவின் இன்ஹேலர் ரசம் வைக்கும் நாளிலும் கஷாயம் குடிக்கும் நாளிலும் அதே இடத்தில், தலையணைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.